உஷார்! புதன்கிழமை வருகிறது

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளில் புதன் வாராவாரம் தவறாமல் கிடைக்கிறது. கையை விட்டுப் போவதுதான் பொன். புது சூப்பர்ஹீரோ இதழ்கள் அங்கே கடைக்கு வரும் நாள் புதன். (2020இல் டிசி பதிப்பகம் மட்டும் தனிக்குடித்தனம் போவதுபோல் செவ்வாய்க்கு மாறியது, 2024இல் புதனுக்கே திரும்பி வந்துவிட்டது.) வேலைக்கோ படிப்புக்கோ அங்கே போய், அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குத்தான் இது.

முதலில் கணக்கு. ஓர் இதழின் விலை பெரும்பாலும் 3.99 அல்லது 4.99 டாலர். உள்ளே கதை இருபது பக்கம் சொச்சம். காபி ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். வாரத்துக்கு ஐந்தே ஐந்து என்று கட்டுப்பாடாக இருந்தாலும் 25 டாலர் வரை ஆகும். வருஷத்துக்கு 1,300 டாலரை நெருங்கும். 1938இல் சூப்பர்மேன் முதன்முதலாக வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 64 பக்கம், விலை 10 சென்ட்.

"அந்த 10 சென்ட் இதழ்தானே 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது? நானும் இன்றைக்கு வாங்கி வைத்தால்..." என்று ஆரம்பிக்கிறீர்களா? நில்லுங்கள். முதல் பள்ளம் இங்கேதான். அந்த இதழுக்கு அவ்வளவு விலை வந்ததற்குக் காரணம், அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்பதுதான். பையன்கள் படித்தார்கள், கிழித்தார்கள், போர்க்காலத்தில் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டார்கள். 1974இல் வுல்வரின் முழுதாகத் தலைகாட்டிய ஹல்க் 181ஆம் இதழிலும் இதே கதை. உள்ளே வெட்டி ஒட்டுவதற்கென்று ஒரு ஸ்டாம்ப் அச்சிட்டிருந்தார்கள். பிள்ளைகளும் சமர்த்தாகக் கத்தரித்துக்கொண்டார்கள். ஸ்டாம்ப் இல்லாத பிரதிக்கு இன்று மதிப்பு வெகு குறைவு.

இப்போது 1992க்கு வாருங்கள். சூப்பர்மேன் 75ஆம் இதழில் சூப்பர்மேன் இறந்தார். கறுப்பு உறைக்குள் கறுப்புக் கைப்பட்டையோடு விற்றார்கள். கடை வாசலில் வரிசை நின்றது. இரண்டு வாங்கி, ஒன்றைப் பிரித்துப் படித்து, இன்னொன்றைப் பிரிக்காமல் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு என்று எடுத்து வைத்தவர்கள் உண்டு. அடுத்த வருஷமே சூப்பர்மேன் உயிரோடு வந்துவிட்டார். உறைகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன. சூப்பர்மேன் இறப்பதற்கு முந்தைய வருஷம் ஜிம் லீ வரைந்த எக்ஸ்‑மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல் கடைகளுக்குப் போனது. ஐந்து விதமான அட்டை, உள்ளே அதே கதை. எல்லோரும் பூட்டி வைத்த பொருளை யார் தேடி வந்து விலை கேட்பார்கள்? அந்த உற்சாகம் வடிந்தபோது கடைகள் ஆயிரக்கணக்கில் மூடின. 1996 டிசம்பரில் மார்வெல் பதிப்பகமே திவால் மனு போட்டது.

அட்டை வித்தை அன்றோடு ஒழிந்ததா என்றால் இல்லை, இன்னும் நாசூக்காகிவிட்டது. சாதா அட்டையில் 25 பிரதி எடுத்தால் அரிய அட்டை ஒன்று என்று கடைக்காரருக்குத் தூண்டில் போடுகிறார்கள். 50க்கு ஒன்று, 100க்கு ஒன்றும் உண்டு. அரிய ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அவர் நல்ல விலைக்கு விற்றுவிடுவார். மிச்சமிருக்கும் 25? அவற்றில் ஒன்றைத்தான் அண்ணே, சூப்பராக இருக்கிறது என்ற தொனியில் உங்கள் கையில் திணிக்கிறார்.

அவரைத் திட்டாதீர்கள், அவர் நிலைமை அப்படி. ஒரு காலத்தில் பெட்டிக்கடைகளில் விற்காத இதழின் அட்டையைக் கிழித்து அனுப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும். 1970களில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க்காரர் புது ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார்: கூடுதல் கழிவு தருகிறோம், ஆனால் எடுத்த சரக்கைத் திருப்ப முடியாது. காமிக்ஸ் கடைகள் பெருகியதே அதனால்தான். அவற்றின் கழுத்துச் சுருக்கும் அதுதான். அலமாரியில் நீங்கள் பார்க்கும் ஒவ்வோர் இதழும் கடைக்காரர் ஏற்கெனவே கட்டிவிட்ட பணம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்துக்கு இப்போது வருகிறேன். புதன்கிழமை கடைக்குள் போய், புரட்டிப் பார்த்து, பிடித்ததை எடுக்கிறோம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? முடிவு மூன்று நான்கு வாரம் முன்பே எடுத்தாயிற்று. கடைக்காரர் தன் இறுதி எண்ணிக்கையைப் விநியோகஸ்தருக்குச் சொல்லவேண்டிய கெடு அப்போதே முடிந்துவிடுகிறது. முதல் இதழை வாசகன் படித்து நல்லதா கெட்டதா என்று சொல்வதற்குள் இரண்டாம் இதழுக்கான கெடுவே தாண்டிப்போய்விடும். அவரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் எண் போடுகிறார். அந்த இருட்டில் அவர் பிடித்துக்கொள்ளும் ஒரே கைத்தடி, புல் லிஸ்ட். இன்னின்ன தொடரை மாதாமாதம் எனக்கென்று எடுத்து வையுங்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் பட்டியல். பெயர்தான் புல், மேய்வது உங்கள் பர்ஸை.

ஒரு தொடரைச் சேர்க்க ஒரு வார்த்தை போதும். நீக்குவதற்கு நாக்கு எழாது. வாரம் தவறாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்து மேசைமேல் வைக்கிற மனுஷனிடம், இது போன மாதமே அலுத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். படிக்காத இதழ்கள் கட்டிலுக்கடியில் சேர்கின்றன. பிடித்துப்போய் வாங்கியதைவிட, கூச்சத்தால் வாங்கியதுதான் என்னிடம் அதிகம்.

இந்தக் கூச்சத்தின்மேல்தான், பல தொடர்களுக்கும் கிளை பரப்பும் மகாயுத்தக் கதைகள் சவாரி செய்கின்றன. 2006இல் மார்வெலின் சிவில் வார், மூலக்கதை 7 இதழ்தான். கிளைக்கதைகள் அதைப்போலப் பல மடங்கு. 2009இல் டிசி இன்னொரு படி மேலே போய், பிளாக்கெஸ்ட் நைட் கதையின்போது கலர் கலராகப் பிளாஸ்டிக் மோதிரம் கொடுத்தது. மோதிரத்துக்காக, கதையே தெரியாத தொடர்களை வாங்கிய பெரியவர்களை (கண்ணாடியிலும்) பார்த்திருக்கிறேன். மூலக்கதையை மட்டும் வாங்குங்கள். அதுமட்டும் படித்துப் புரியாவிட்டால் தப்பு எழுதியவர்மேல்.

அட்டையில் பெரிதாக 1 என்று இருந்தாலும் உஷார். அமேஸிங் ஸ்பைடர்‑மேன் 1963இல் முதல் இதழ் போட்டது. பிறகு 1999, 2014, 2015, 2018, 2022, 2025 என்று ஒவ்வொரு முறையும் மறுபடி ஒன்றிலிருந்து. 900ஐத் தாண்டிய உண்மையான எண், மூலையில் எறும்பு சைஸில் இருக்கும்.

"விற்றுத் தீர்ந்தது" என்ற கூச்சலுக்கும் ஓடாதீர்கள். பதிப்பாளர் கிடங்கிலிருந்து கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். கடையில் குவிந்தே கிடக்கலாம். 2024 அக்டோபரில் வந்த அப்சொல்யூட் பேட்மேன் நிஜமாகவே பறந்தது. அப்போதும் மறுபதிப்பு மேல் மறுபதிப்பு வந்தது. தாமதமாகப் போனவனுக்கும் அதே கதைதான் கிடைத்தது.

அப்படியானால் காத்திருந்து மொத்தமாகத் தொகுப்பு நூலிலோ செயலியிலோ படிக்கலாமா? மார்வெலின் சந்தாச் செயலியில் மூன்று மாதத்தில் வந்துவிடுகிறது, டிசியின் உயர்கட்டணச் சந்தாவில் ஒரே மாதத்தில். தாராளமாகச் செய்யலாம், ஒரு நெருடல் மட்டும் உண்டு. சின்னத் தொடர்களின் ஆயுளை முன்பதிவு எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. எல்லோரும் தொகுப்புக்குக் காத்திருந்தால் தொகுப்பு வருமளவுக்கு அது உயிரோடு இருக்காது. என் வழக்கம் இதுதான்: பேட்மேனை ஆறப்போடுவேன். நான் வாங்காவிட்டால் அவர் பட்டினி கிடக்கப்போவதில்லை. பெயர் தெரியாத நாயகன், பிடித்த எழுத்தாளர் என்றால் அதை மட்டும் பட்டியலில் சேர்ப்பேன். எழுத்தாளர் மாறினால் அன்றைக்கே நீக்கச் சொல்வேன். நாயகன் பெயரைப் பார்த்து ஏமாந்த காலம் போதும்.

இன்றைக்கே கடைக்குப் போன் போட்டு, என் பட்டியலை வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது 14 தொடர் வாசித்தார்கள். நாலைச் சேர்த்ததாகவே நினைவில்லை. ஒன்று, முடிந்துவிட்டதே என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்ட தொடர். புதிதாக ஒன்றாம் எண்ணோடு மறுபடி தொடங்கியபோது, என்னைக் கேட்காமலேயே என் பெயரில் தொடர்ந்திருந்தார்கள். மூன்று இதழ் பெட்டியில் காத்திருந்தது. நீக்கச் சொல்லிவிட்டேன். அந்த மூன்றையும் மட்டும், கூச்சப்பட்டு, வாங்கிக்கொண்டு வந்தேன்.