முதுகுப் பையில் ஒரு துளி மருந்து

விமான நிலையத்து எக்ஸ்ரே திரையில் துணியும் நைலானும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இரும்பு நீலமாகத் தெரியும். ஸ்கைடைவிங் செய்பவரின் பாராசூட் பை அந்தத் திரைக்கு வரும்போது முதலில் தெரிவது இறுக்கமாக மடித்த ஆரஞ்சுப் பொதி. அதற்குள் நீல வளையங்கள், ஒரு பெரிய சுருள்வில், சின்னப் பெட்டி, அதில் பேட்டரி, பெட்டியிலிருந்து கிளம்பும் ஒயர், ஒயரின் முனையில் விரலைவிடச் சிறிய உலோகக் குழல். பேட்டரி, ஒயர், குழல் மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால் பெல்ட்டை நிறுத்த வேண்டும் என்பது பாதுகாப்புப் படையினர் கற்ற பாடம்.

அவர்கள் சந்தேகப்படுவதில் தவறே இல்லை. அந்தக் குழலுக்குள் இருப்பது வெடிமருந்துதான்.

பட்டாசு செய்யும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இதற்கு வெறுமனே 'மருந்து' என்று பெயர். மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது, மருந்து காயவைப்பது என்று அந்த ஊர்களின் பேச்சிலேயே அது ஊறியிருக்கிறது. உயிரை எடுக்கும் என்று அவர்கள் அறிந்து பயப்படும் அதே பொருள், பாராசூட் பைக்குள் ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டிருக்கிறது.

விமானத்திலிருந்து குதிப்பவர் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் வெளியே வருகிறார். ஒரு நிமிடம் போல, மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறார். பிறகு தாமாகவே முதன்மைப் பாராசூட்டை விரிக்கிறார். அது சிக்கிக்கொண்டால் பையில் இரண்டாவது பாராசூட் இருக்கிறது; அதற்கும் கைப்பிடி உண்டு. ஆனால் நடுவானில் இன்னொருவர் மோதி மயங்கிவிட்டாலோ, பதற்றத்தில் உயரமே மறந்துபோனாலோ கைப்பிடியை யார் இழுப்பது?

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் க்ளோத்தின் நண்பர் ஒருவர் ஸ்கைடைவிங் விபத்தில் இறந்தார். அந்த இழப்புக்குப் பின் 1986-இல் க்ளோத் இந்தக் கேள்விக்கு விடை தேட ஆரம்பித்தார். 1991-இல் அவருடைய ஏர்டெக் நிறுவனம் 'சைப்ரஸ்' என்ற தானியங்கிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பும் இப்படிப்பட்ட கருவிகள் இருந்தன. அவை கம்பியைக் கொண்டு ஊசியை இழுத்துத் திறப்பவை. க்ளோத் வேறு வழியில் போனார். இரண்டாவது பாராசூட்டின் பையை மூடி வைத்திருப்பது ஒரே ஒரு மெல்லிய கயிற்றுக் கண்ணிதான். ஊசியை எதற்கு இழுக்க வேண்டும்? கயிற்றை அறுத்தால் போதாதா?

கருவி காற்றழுத்தத்தை விடாமல் அளந்துகொண்டே வருகிறது. கீழே இறங்க இறங்க அழுத்தம் கூடும். எவ்வளவு சீக்கிரம் கூடுகிறது என்பதை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொள்கிறது. தரைக்கு மேல் சுமார் 225 மீட்டரில், வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒருவர் இன்னும் விழுந்துகொண்டிருந்தால், ஒயர் வழியாக மின்சாரம் பாய்கிறது. குழலுக்குள் மருந்து பற்றுகிறது, அதன் அழுத்தம் ஒரு குட்டிக் கத்தியைத் தள்ளுகிறது, கண்ணி அறுகிறது. சுருள்வில் துள்ளி வெளியே வந்து இரண்டாவது பாராசூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. புகையும் தீப்பொறியும் குழலைத் தாண்டி வெளியே வருவதில்லை.

வெடி செய்யும் ஊர்க்காரர்களுக்கு இந்த வடிவமைப்பின் அருமை சட்டென்று புரியும். பட்டாசு ஆலைகளில் ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், கையாளும் மருந்துக்கு அளவு வேண்டும் என்பது விதி. அந்த விதி மீறப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பார்த்தோம். மருந்தின் குணத்தை யாராலும் மாற்ற முடியாது. அளவைக் குறைக்கலாம், அடைத்து வைக்கலாம், பக்கத்தில் இருப்பதிலிருந்து பிரித்து வைக்கலாம். க்ளோத்தின் குழல் இந்த மூன்றையும் செய்கிறது. கார்களில் ஏர்பேக்கை விரிப்பதும் இதே மாதிரியான சிறு மருந்துதான்.

விமானப் போக்குவரத்தின் சர்வதேச விதிகளும் இப்படித்தான் யோசிக்கின்றன. பனிச்சரிவில் சிக்குபவர்களைக் காக்கும் காற்றுப்பை கொண்ட முதுகுப் பையில், 200 மில்லிகிராமுக்கும் குறைவான மருந்து கொண்ட விசையை விமான நிறுவனத்தின் அனுமதியோடு எடுத்துப் போகலாம். அமெரிக்காவின் விமான நிலையப் பாதுகாப்புத் துறையோ, தானியங்கிக் கருவி பொருத்திய பாராசூட்டைக் கைப்பையாகவும் கொண்டுபோகலாம், சரக்கறைக்கும் அனுப்பலாம் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பையைத் திறந்து பார்க்க நேர்ந்தால் உரியவர் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும்.

இந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. விவரம் தெரியாத ஒருவர் இரண்டாவது பாராசூட்டின் கைப்பிடியை இழுத்துவிட்டால் சுருள்வில் துள்ளி, பல மீட்டர் நைலான் துணி சோதனை மேசையை மூடிவிடும். இரண்டாவது பாராசூட்டை மறுபடி மடிப்பது உரிமம் பெற்ற 'ரிக்கர்' மட்டுமே செய்யக்கூடிய வேலை. மடித்து முத்திரையும் வைப்பார். அமெரிக்காவில் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்து மடித்தாக வேண்டும். ஆகவே அனுபவசாலிகள் தங்கள் பை எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும் என்று கருவி நிறுவனம் அச்சிட்டுத் தரும் அட்டையைக் கையில் வைத்திருப்பார்கள். கயிறு அறுக்கும் கொக்கிக் கத்தியை முன்பே கழற்றிச் சரக்கறைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கருவியை அணைத்தே வைத்திருப்பார்கள்; குதிக்கும் இடத்துக்குப் போய்த்தான் இயக்குவார்கள்.

நம் நாட்டில் இதற்கு முன்னால் இன்னொரு தடை நிற்கிறது. உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக் கைப்பை பொதுவாக 7 கிலோவைத் தாண்டக்கூடாது. பாராசூட் பையோ 10 கிலோவைத் தாண்டும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம். 1987-இல் உருவான விமானப்படையின் 'ஆகாஷ் கங்கா' குழு இராணுவ விமானத்தில் பறக்கிறது. அவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. 2004-இல் வட துருவத்தில் குதித்த புணேயின் ஷீத்தல் மகாஜனைப் போல இந்த விளையாட்டில் தனியாக முன்னேற நினைப்பவர்கள், ஒவ்வொரு விமான நிலையத்திலும் பொறுமையாக விளக்கம் சொல்லியே ஆக வேண்டும்.

மதுரை விமான நிலையத்துக்கு வருவோம். சிவகாசியிலிருந்து அது ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே காவல் நிற்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர், சில பைகளின் மேல் ஒரு துணித்துண்டைத் தேய்த்து எந்திரத்தில் செருகுவதைப் பார்த்திருப்பீர்கள். துண்டில் ஒட்டியதை எந்திரம் சூடாக்கி ஆவியாக்குகிறது, அந்த மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் தருகிறது, மின்புலத்தில் அவை எவ்வளவு நேரத்தில் நகர்ந்து போகின்றன என்று பார்த்து இன்ன பொருள் என்று சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள் போதும். பாராசூட் பையில் மருந்து இறுக அடைக்கப்பட்டிருப்பதால் வெளியே ஒட்டாது. மருந்தறையில் வேலை பார்த்த சட்டையும் அங்கே தரையில் கிடந்த பையும் அப்படியல்ல. எந்திரம் அழைத்தால் பதறத் தேவையில்லை; பட்டாசு ஆலையில் வேலை என்று உள்ளதைச் சொன்னால் போதும். தொழிலை மறைப்பதுதான் வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்குப் போக வேண்டிய பெட்டியில் இருந்த குண்டு மீனம்பாக்கம் நிலையத்திலேயே வெடித்து முப்பது பேர் அளவில் உயிரிழந்தார்கள்.

தீபாவளிக்கு முன்பு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். பேரனுக்குப் பிடிக்குமே என்று கம்பி மத்தாப்புப் பாக்கெட்டையோ பாம்பு மாத்திரையையோ சேலை மடிப்புக்குள் வைத்து எடுத்துப் போகாதீர்கள். பாராசூட்டுக்கு உள்ள சலுகை பட்டாசுக்குக் கிடையாது. கைப்பையிலும் கூடாது, சரக்கறைப் பெட்டியிலும் கூடாது. நம் ஊர்த் தீப்பெட்டியும் விமானத்தில் ஏறாது. முறுக்கும் அதிரசமும் தாராளமாகப் போகலாம்.