ஊர் நீருக்குக் காவல்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களின் சாலைகளில் தண்ணீர் லாரிகள் செல்வதை நாம் காண்கிறோம். அந்நீர் எங்கிருந்து வருகிறது? அதனை எவரும் எவ்வளவு வேண்டுமாயினும் எடுத்து விற்கலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

மழை நீரில் ஒரு பகுதி ஆறுகளிலும் ஏரிகளிலும் சேர்கிறது. மற்றொரு பகுதி மண்ணினுள் ஊறி, மணற் படுகைகளிலும் பாறைப் பிளவுகளிலும் தங்குகிறது. இதுவே நிலத்தடி நீர். நிலத்தின்மேல் வேலியிட்டு, இஃது என்னுடையது, அஃது உன்னுடையது என்று நாம் பிரித்துக்கொள்கிறோம். நிலத்தடி நீரோ வேலியை அறியாது. உழவர் ஒருவர், பயிரிடுவதைவிட நீரை விற்பதே ஊதியம் தரும் என்று கருதி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஓயாது இறைக்கிறார் எனக் கொள்வோம். நாளடைவில் அண்டை வயலின் கிணறும் வற்றுகிறது. விற்றவருக்குப் பணம், விற்காதவருக்கு வறட்சி. இது முறையாகுமா? கிணறு ஒருவருக்கு உரியதாயினும் அதன் ஊற்று ஊருக்குப் பொதுவன்றோ?

அளவின்றி இறைப்பதால் விளையும் தீமைக்குச் சென்னைக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியே சான்று. அங்கே பல்லாண்டுகள் மிகுதியாக நீர் எடுக்கப்பட்டது. நன்னீரின் மட்டம் தாழவே, கடல் நீர் நிலத்தினுள் புகுந்தது. இனித்த கிணறுகள் உவர்த்தன. உவர் ஏறிய ஊற்றை மீண்டும் நன்னீர் ஊற்றாக்குதல் எளிதன்று.

இத்தகைய கேட்டினைத் தடுக்கும் பொருட்டு, 1987ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை நகருக்கும், அதனைச் சூழ்ந்த பல சிற்றூர்களுக்கும் அஃது உரியது. அதன்படி, புதிதாகக் கிணறு தோண்ட இசைவு பெறவேண்டும். வீட்டுத் தேவையல்லாத பிற காரியங்களுக்கு நீர் எடுக்கவும், லாரிகளில் ஏற்றிச் செல்லவும் உரிமம் வேண்டும்.

பிற நாட்டினரும் இவ்வாறு விழிப்புற்றுள்ளனர். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் நீரைக் கப்பல்களில் ஆசியாவுக்குக் கொண்டு செல்ல 1998இல் ஒரு நிறுவனத்துக்கு இசைவு அளிக்கப்பட்டது. மக்கள் எதிர்க்கவே அவ்விசைவு நீக்கப்பட்டது. எல்லை நீர்நிலைகளிலிருந்து பெருமளவில் நீரை வெளியே கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டத்தை அந்நாடு 2013இல் வலுப்படுத்தியது.

அங்ஙனமாயின், தாகத்தால் வாடுவோர்க்கு நீர் தரலாகாதா? தரலாம், தரவும் வேண்டும். 2019ஆம் ஆண்டில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, சோலையார்பேட்டையிலிருந்து அம்பத்தூருக்கு அருகிலுள்ள வில்லிவாக்கத்துக்கு இரயில் வண்டியில் நீர் வந்தது. ஐம்பது பெட்டிகளில் 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்து, சூலை 12ஆம் நாள் முதல் வண்டி வந்து சேர்ந்தது. மக்கள் மகிழ்ந்தனர். எனினும், நீர் தந்த பகுதியில், நமக்குக் குறையுமோ என்னும் கவலையும் எழுந்தது. அக்கவலை தவறன்று. கொடுப்பவரின் ஊற்று வற்றாமல் கொடுப்பதே நிலைத்த உதவியாகும். எவ்வளவு எடுக்கலாம் என அளவு காட்டுவதே சட்டத்தின் பணி.

ஆயினும், சட்டம் ஏட்டில் மட்டும் இருந்தால் நீர் பெருகாது. கூரையில் விழும் மழையை நிலத்துள் செலுத்துவோம். ஊர் ஏரியில் குப்பை கொட்டாதிருப்போம். எடுப்பதற்கு வரம்பிடுவது சட்டத்தின் கடமை. எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தருவது நம் கடமை.