ஒரு மரணம், பல சட்டங்கள்: சாய்ந்தமருதுச் சொத்தும் கடல் கடந்த வாரிசுகளும்

கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில் கடலை ஒட்டி அமைந்த சாய்ந்தமருதில், சொத்துப் பங்கீட்டின் பெரும்பகுதி மரணத்துக்கு நெடுநாள் முன்பே, மகளின் திருமணத்தோடு முடிந்துவிடுவது வழக்கம். வளவையும் வீட்டையும் மகள் பெயரில் உறுதி எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவதும் இக்கரையோர முஸ்லிம்களிடமும் அயலிலுள்ள தமிழரிடமும் ஒருங்கே வேரூன்றியவை. இதனால் தகப்பன் மௌத்தானபின் சட்டப்படி பங்கிட வேண்டியது எஞ்சிய வயற்காணியும் கையிருப்பும் மட்டுமே என்றிருந்தது. பிள்ளைகள் கட்டாரிலும் லண்டனிலும் உழைத்து, இங்கே காணியாகவும் அங்கே வீடாகவும் வங்கிக் கணக்காகவும் செல்வத்தைச் சேர்க்கத் தொடங்கிய பின், அந்தப் பழைய ஏற்பாடு தனித்து நின்று காப்பாற்றும் நிலை மாறிவிட்டது.

இறுதி விருப்பாவணம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்தை இலங்கையில் ஆள்வது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். இறந்தவர் இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டிருந்தாலும், வேறெங்கோ வாழ்ந்து இங்கே அசையாச் சொத்து வைத்திருந்தாலும், அவர் சார்ந்த மத்ஹபின், அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவின், சட்டமே பொருந்தும் என்று அது கூறுகிறது. இப்பகுதியில் அது பெரும்பாலும் ஷாபி மத்ஹபு. மனைவி, தாய், இரண்டு ஆண்மக்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தால், மனைவிக்கு எட்டிலொன்றும் தாய்க்கு ஆறிலொன்றும் போக, மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரியும். முழுச் சொத்தையும் 120 பங்காக வைத்தால் மனைவிக்கு 15, தாய்க்கு 20, மகன் ஒவ்வொருவருக்கும் 34, மகளுக்கு 17 என்றாகும். வாழ்நாளிலேயே மகளுக்கு நன்கொடையாகக் கைமாறிய வீடு இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அதே கட்டளைச் சட்டம், மீளப்பெற முடியாதது என்று உறுதியில் வெளிப்படையாக எழுதப்படாத நன்கொடையை மீளப்பெறக்கூடியதாகவே கருதுகிறது என்பதைச் சீதன உறுதி எழுதுவோரில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்பது கேள்விக்குரியது.

வாரிசுப் பிணக்கு என்றதும் காதி நீதிமன்றத்தை நாடும் பழக்கமும் பயன் தராது. காதியாரின் அதிகாரம் திருமணம், மணவிலக்கு, தாபரிப்பு, மகர், கைக்கூலி போன்றவற்றோடு நின்றுவிட, மரணச் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கே உரியது. அரசு வழங்கிய பெர்மிட் காணியிலோ மத்ஹபின் சட்டமும் செல்லாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அத்தகைய காணிக்கு வேறெந்த வழியுரிமைச் சட்டமும் பொருந்தாது என்று விலக்கி, பின்னுரித்தாளர் என ஒருவரை நியமிக்கும் முறையை வைத்திருக்கிறது; நியமனம் இல்லாதவிடத்து ஆண்பிள்ளைகளை முன்னிறுத்திய அதன் வரிசை, 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால்தான் பால் வேறுபாடின்றித் திருத்தப்பட்டது. ஆகவே ஒரே தகப்பனின் உறுதிக் காணியும் பெர்மிட் காணியும் அருகருகே கிடந்தாலும் வெவ்வேறு வழியில் இறங்கும்.

கடல் கடந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அசையாச் சொத்தை அது கிடக்கும் நாட்டின் சட்டமும், அசையும் சொத்தை இறந்தவரின் நிரந்தர வதிவிட நாட்டின் சட்டமும் ஆள்வது இங்கிலாந்தும் இலங்கையும் பின்பற்றும் பொதுவிதி. மேலே எடுத்துக்காட்டிய குடும்பத்தலைவருக்கு லண்டனில் வீடு இருந்தால் அதற்கு இங்கிலாந்துச் சட்டமே பொருந்துமாதலால், அவர் விருப்பாவணமின்றி இறந்தால் மனைவிக்கு முதல் 3,22,000 பவுணும் மீதியில் பாதியும் போக, மற்றப் பாதி மகன், மகள் என்ற பேதமின்றிச் சமமாகப் பிரியும். தாய்க்கு ஒன்றும் இல்லை.

இதைத் தவிர்க்க ஷரீஅத் பங்கீட்டின்படி விருப்பாவணம் எழுதுவோர் அங்கே வரியைச் சந்திக்கிறார்கள். ஐக்கிய இராச்சியத்தில் 3,25,000 பவுணுக்கு மேற்பட்ட மரணச் சொத்துக்கு நூற்றுக்கு 40 வீதம் வழியுரிமை வரி உண்டு. வாழ்க்கைத்துணைக்குப் போகும் பங்குக்கு மட்டும் பொதுவாக முழு விலக்கு. 8,00,000 பவுண் சொத்து முழுவதும் மனைவிக்குப் போனால் அப்போது வரி இல்லை. எட்டிலொன்று மட்டும் அவருக்குப் போனால், மீதி 7,00,000இல் விலக்குத் தொகை கழிந்த 3,75,000க்கு 1,50,000 பவுண் வரி. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போகுமானால் மேலும் 1,75,000 வரை விலக்குக் கிடைத்து வரி குறையலாம். கணவர் அந்நாட்டில் நீண்டகால வதிவாளராக இருந்து, மனைவி சாய்ந்தமருதிலேயே வாழ்ந்து அவ்வாறு ஆகாதவராக இருந்தால், துணைக்குரிய விலக்கும் 3,25,000 பவுணோடு நின்றுவிடும்.

நீண்டகால வதிவாளர் என்ற இந்த அளவுகோல் 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு அங்கே வதிந்தவரின் உலகச் சொத்து முழுவதும், சாய்ந்தமருது வளவு உட்பட, அவ்வரிக்கு உட்படும்; ஊருக்குத் திரும்பி வந்தபின்னும் 3 முதல் 10 ஆண்டு வரை அந்தப் பிடி தளராது. இங்கேதான் நம் நொத்தாரிசுமார் வழமையாக எழுதும் ஓர் உறுதி பிழைத்துப் போகிறது. வீட்டை மகளுக்கு எழுதி, தமக்குச் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொள்ளும் நன்கொடை இலங்கையில் முற்றிலும் செல்லுபடியாகும். ஐக்கிய இராச்சிய வரிச் சட்டமோ, கொடுத்தவர் தொடர்ந்து அனுபவிக்கும் சொத்தைக் கொடுக்காத சொத்தாகவே எண்ணுகிறது. முழுமையாகக் கொடுத்து ஏழாண்டு உயிரோடிருந்தால் வரி இல்லை. இந்தியாவுடனும் பாகிஸ்தானுடனும் ஐக்கிய இராச்சியத்துக்கு உள்ள வழியுரிமை வரி உடன்படிக்கை இலங்கையுடன் இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. இலங்கையில் மரண வரி 1980களிலேயே நீக்கப்பட்டதால் இப்போது இருமுறை வரி விழுவதில்லை. ஆயினும் 2023இல் சர்வதேச நாணய நிதியத்துடனான கடன் திட்டத்தில் நன்கொடை, வழியுரிமை வரி பற்றிய எண்ணம் இடம்பெற்றதை மறந்துவிடலாகாது.

வளைகுடாவில் மரண வரி இல்லை, முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே அடிப்படை. அங்கே சிக்கல் தொழிலாளியின் சேவைக்காலக் கொடுப்பனவையும் வங்கிப் பணத்தையும் பெற வேண்டிய ஆவணங்களில்தான். அங்கே உழைக்கும் மகன் தன் சார்பில் செயற்பட ஊரிலுள்ளவருக்கு எழுதிக் கொடுத்த அற்றோர்ணித் தத்துவம் அவர் இறந்த கணமே செயலிழந்துவிடுவதால், அதன்பின் அதை வைத்துக் காணி விற்பதும் பணம் எடுப்பதும் செல்லாது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குக் காணி கிடைக்காது என்ற அச்சம் மட்டும் தேவையற்றது. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு வழியுரிமையாலோ நன்கொடையாலோ விருப்பாவணத்தாலோ போகும் காணியை விலக்கி வைத்திருக்கிறது. இரு நாட்டில் சொத்துள்ளவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விருப்பாவணம் எழுதுவதும், பின்னையது முன்னையதை இரத்துச் செய்யாதபடி வாசகத்தை அமைப்பதும், இலங்கை ஆவணத்தை நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகளும் உறுதிப்படுத்துவதும் அவசியம். சீவிய உரித்தோடு உறுதி எழுதும் முன், கொடுப்பவர் வதியும் அல்லது வதிந்த நாட்டின் சட்டத்தரணி ஒருவரிடம் அதன் வரைவை ஒருமுறை காட்டுங்கள்.