அழுத்தமும் சமநிலையும்: அமோனியா கற்பிக்கும் பாடம்

ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு அமோனியாவின் நெடியை விவரித்துக் கூற வேண்டுவதில்லை. பால் உறைந்துவிடாமல் காக்க அதில் சேர்க்கும் மருந்து அதுவே. சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்துச் செம்பனைகளுக்கும் சிகிஞ்சான் நெல் வயல்களுக்கும் பயன்படும் யூரியா உரமும் அமோனியாவிலிருந்தே செய்யப்படுகிறது. இவ்வளவு பழகிய இப்பொருள், இரசாயனத்தில் மாணாக்கர் அடிக்கடி இடறும் ஒரு பாடத்துக்குச் சிறந்த விளக்கமாகவும் அமைகின்றது. மீளும் வினைகளின் சமநிலையை அழுத்தம் எவ்வாறு மாற்றுகிறது என்பதே அப்பாடம்.

முதற்கண், சமநிலை என்பது யாது? நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மூடிய கலத்தில் வைத்துத் தக்க வெப்பமும் வினையூக்கியும் அளித்தால் அமோனியா உண்டாகும். உண்டான அமோனியா மீண்டும் சிதைந்து பழைய வாயுக்களாகவும் மாறும். உண்டாகும் வேகமும் சிதையும் வேகமும் ஒத்துவிடும்போது, புறத்தே மாற்றம் ஏதும் தோன்றாது. வினை நின்றுவிட்டது என்று எண்ணுவது தவறு. தைப்பூசத்தன்று பத்துமலைப் படிகளில் ஏறுவோரும் இறங்குவோரும் ஒரே தொகையினராயின், மேலே குகையிலுள்ள கூட்டம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆயினும் நடமாட்டம் ஓய்வதில்லை. சமநிலையும் அத்தகையதே.

இச்சமநிலையைக் குலைத்தால், அக்குலைவைக் குறைக்கும் திசையில் வினை நகரும் என்னும் விதியை 1884இல் பிரெஞ்சு அறிஞர் லெ சாட்டலியே வெளியிட்டார். இதன்படி, வாயுக் கலவையை அமுக்கினால், வாயு மூலக்கூறுகள் குறைவாக உள்ள பக்கம் நோக்கி வினை சாயும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும், ஆக நான்கும் சேர்ந்து இரண்டு அமோனியா மூலக்கூறுகளாகின்றன. ஆகவே அழுத்தம் மிகுந்தால் அமோனியாவும் மிகும்.

ஆனால் விதியை ஒப்பிக்கச் செய்வது மட்டும் போதாது. "கலவை அழுத்தத்தை எதிர்க்க விரும்புகிறது" என்றால், உயிரற்ற பொருளுக்கு விருப்பம் ஏது என்று கூரிய மாணவன் கேட்பான். காரணத்தைக் கணக்கால் காட்டலாம். கனஅளவைப் பாதியாக்கினால் ஒவ்வொரு வாயுவின் செறிவும் இரு மடங்காகும். அமோனியாவின் செறிவை இருமுறை பெருக்க வேண்டும். அது 4 மடங்காகிறது. நைட்ரஜனை ஒருமுறையும் ஹைட்ரஜனை மும்முறையும் பெருக்க வேண்டும். அது 16 மடங்காகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்த விகிதம், முன்பு இருந்ததில் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில் சமநிலைக்குரிய விகிதம் மாறாதாகையால், அதை மீண்டும் எட்டும்வரை அமோனியா மேலும் உண்டாகியே தீரவேண்டும்.

இக்கணக்கை அறிந்தவனுக்குப் பல ஐயங்கள் தாமே தீரும். ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆகும் வினையில், இரு பக்கமும் இரண்டிரண்டு மூலக்கூறுகள். அமுக்கினால் இரு பக்கமும் 4 மடங்காகும். விகிதம் மாறாது, சமநிலையும் நகராது. சுண்ணாம்புக்கல் சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரியும் வினையில், திடப்பொருள்களைக் கணக்கில் சேர்க்காமல் வாயுவை மட்டுமே எண்ண வேண்டும்.

மாணாக்கர் மிகுதியும் தவறுவது மற்றோரிடத்தில். கலத்தின் கனஅளவை மாற்றாது, வினையில் சேராத ஆர்கான் வாயுவை உள்ளே செலுத்தினால் என்னவாகும்? மொத்த அழுத்தம் உயரும். ஆதலின் சமநிலை நகரும் என்று பலர் விடை எழுதுவர். ஆனால் வினைபுரியும் வாயுக்களின் செறிவு சிறிதும் மாறவில்லை. ஆகவே சமநிலையும் நகராது. அதே ஆர்கானை, மொத்த அழுத்தம் மாறாதபடி கலத்தை விரியவிட்டுச் சேர்த்தால், செறிவுகள் குறைந்து, மூலக்கூறு மிகுந்த பக்கம் வினை சாயும். அழுத்தமானி காட்டும் எண்ணைவிட, செறிவு மாறியதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து 500 பாகை செல்சியசில் சமநிலை எய்தும்போது, காற்றழுத்தத்தைப் போல் 100 மடங்கு அழுத்தத்தில் கலவையில் சுமார் 10 விழுக்காடு அமோனியா இருக்கும். 300 மடங்கில் சுமார் 26 விழுக்காடு. 1000 மடங்கில் சுமார் 57 விழுக்காடு. சாதாரண அழுத்தத்திலோ ஒரு விழுக்காடுகூட இல்லை. விதியைக் கண்ட லெ சாட்டலியே 1901இல் தாமே இதை முயன்று, கருவி வெடித்ததனால் கைவிட்டார். 1909இல் ஜெர்மானியர் ஹாபர் ஆய்வுக்கூடத்தில் வென்றார். போஷ் அதைப் பெருந்தொழிலாக்க, 1913இல் ஒப்பாவ் நகரில் ஆலை இயங்கியது.

அப்படியாயின் அழுத்தத்தை 1000 மடங்காக உயர்த்தினால் என்ன? தடித்த எஃகுக் கலமும் அமுக்கும் எந்திரமும் எரிபொருளும் பெருஞ்செலவாகும், ஆபத்தும் பெருகும். வெப்பத்தைக் குறைத்தால் அமோனியா மிகும். ஆனால் வினை மிக மெதுவாகும். இரும்பு வினையூக்கி இரு திசை வினைகளையும் ஒருங்கே விரைவுபடுத்துமேயன்றிச் சமநிலையை நகர்த்தாது. ஆகவே பல ஆலைகள் 150 முதல் 250 மடங்கு அழுத்தத்தோடு அமைந்து, அமோனியாவைக் குளிர்வித்துத் திரவமாக்கி எடுத்து, எஞ்சிய வாயுக்களை மீண்டும் உள்ளே அனுப்புகின்றன. நம் நாட்டில் 1985இல் பிந்துலுவிலும் 1999இல் கெடா மாநிலத்துக் குருணிலும் உற்பத்தி தொடங்கிய உர ஆலைகளுக்கும் இவ்விதியே அடிப்படை.

ஆசிரியப் பெருமக்கள் இப்பாடத்தில் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பழக்குதல் நலம். வினையில் வாயுக்கள் எவை? இரு பக்கமும் அவற்றின் மூலக்கூறுகள் எத்தனை? செய்த மாற்றத்தால் அவற்றின் செறிவு மாறியதா? தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்குச் சோடா போத்தலே போதும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் தணிய, கரைந்திருந்த வாயு குமிழியிட்டு வெளியேறுவதை அவர்கள் கண்ணாரக் காண்பர். கண்டு தெளிந்த பிள்ளை, ஆறாம் படிவத்தில் விதியை மனனம் செய்து தடுமாறாது. காரணம் கூறி விடை எழுதும்.