இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் இணைந்தால் லாபம் யாருக்கு? டீக்கடைக் கணக்கு சொல்லும் பதில்!

இரண்டு பெரிய இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஒன்றுசேரும்போது, 'செலவு குறையும், பலன் வாடிக்கையாளருக்கே' என்பார்கள். அது உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் இதற்குப் பதில் இருக்கிறது.

2015 ஜூலையில், ஹியுமானா நிறுவனத்தைச் சுமார் 37 பில்லியன் டாலருக்கு வாங்கப்போவதாக ஏட்னா அறிவித்தது. முதியவர்களுக்காகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் 'மெடிகேர் அட்வான்டேஜ்' திட்டங்களில் இரண்டுமே பெரிய கைகள். இந்த இணைப்பைத் தடுக்கக் கோரி, 2016 ஜூலையில் அமெரிக்க அரசின் நீதித்துறை வழக்கு தொடுத்தது.

எங்கே போவார்கள் முதியவர்கள்?

'நாங்கள் விலையை ஏற்றினால், அரசு நேரடியாக நடத்தும் மெடிகேருக்கு மக்கள் போய்விடுவார்களே!' இதுதான் நிறுவனங்கள் தரப்பு வாதத்தின் சாரம்.

இதைச் சோதிக்கப் பொருளாதார நிபுணர்களிடம் ஒரு வழி இருக்கிறது. ஓர் ஊரின் எல்லா டீக்கடைகளும் ஒரே முதலாளியிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் டீ விலையை 5 சதவிகிதம் ஏற்றுகிறார். நிறைய பேர் காபிக்குத் தாவி அவருக்கு நஷ்டம் வந்தால், டீயும் காபியும் ஒரே சந்தை. அவர்கள் டீயை விடவில்லை என்றால், டீ தனிச் சந்தை. அங்கே முதலாளி வைத்ததுதான் விலை.

இந்த வழக்கிலோ, ஒரு தனியார் திட்டத்தை விட்டவர்கள் பெரும்பாலும் இன்னொரு தனியார் திட்டத்துக்கே மாறியிருந்தார்கள். ஆக, அது தனிச் சந்தை!

2,500 என்ற எல்லைக்கோடு

அடுத்தது, போட்டியை அளக்கும் கணக்கு. தலா 25 சதவிகிதப் பங்குள்ள நான்கு நிறுவனங்கள் இருந்தால், ஒவ்வொரு பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்ட வேண்டும். வருவது 2,500. அதில் இரண்டு இணைந்தால் 3,750. அன்றைய வழிகாட்டுதல்படி, இந்த எண் 2,500-ஐத் தாண்டி, இணைப்பால் 200-க்கு மேல் கூடினாலே அபாய மணிதான். நம்மூர் மாவட்டம் போன்ற 364 கவுன்டிகளில் அந்த மணி அடித்தது.

சுமார் 2,90,000 வாடிக்கையாளர்களை மோலினா நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறோம் என்றார்கள். மோலினாவால் அந்த இடத்தை நிரப்ப முடியும் என்று நீதிபதி ஜான் பேட்ஸ் நம்பவில்லை. 2017 ஜனவரி 23 அன்று இணைப்புக்குத் தடை விதித்தார்.

அடுத்த மாதமே முயற்சியைக் கைவிட்ட ஏட்னா, ஒப்பந்தப்படி 1 பில்லியன் டாலரை ஹியுமானாவுக்குக் கொடுத்தது. 364 கவுன்டிகளின் முதியவர்களுக்கு, 'இது வேண்டாம், அதைக் கொடு' என்று கேட்கும் வசதி மிஞ்சியது!