வீட்டில் பாட்டைப் பதிவு செய்ய: ரிக்கார்டரா, கம்ப்யூட்டரா?

நவராத்திரி நெருங்கினால் நம்மவர் வீடுகளிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், பாட்டைப் பதிவு செய்யத் தனி ரிக்கார்டர் வாங்கலாமா, கம்ப்யூட்டரே போதுமா?" ரயில்வேயில் வாழ்நாள் முழுதும் எஞ்சின்களோடு பழகியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். 1939-ல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கும் ஊர் இது. கேள்வி எழுவதில் வியப்பில்லை.

டீசல் எஞ்சின் தனக்கு வேண்டியதையெல்லாம் தானே சுமந்து போகும். மின்சார எஞ்சினுக்கோ தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பியும் வழிநெடுக சப்-ஸ்டேஷனும் வேண்டும். ஆனால் வலு அதிகம். ரிக்கார்டர் முதல் வகை. ஸூம், டாஸ்காம் கம்பெனிகளின் சிறிய கருவிகளில் இரண்டு மைக், பாட்டரி, மெமரி கார்டு எல்லாம் உள்ளங்கையில் அடங்கிவிடும். கம்ப்யூட்டர் வழியில் தனி மைக், நடுவே ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி, ஒயர்கள், சாஃப்ட்வேர் என்று பரிவாரமே வேண்டும்.

கம்ப்யூட்டரின் வலு எங்கே தெரியும்? முதலில் வீணையைப் பதிந்து, பிறகு அதைக் கேட்டுக்கொண்டே மிருதங்கத்தைச் சேர்க்கும்போது. இங்கே ஒரு கணக்கு உண்டு. ஒலியை வினாடிக்கு 44,100 கூறுகளாக்கி, அவற்றைக் கொத்துக் கொத்தாகத்தான் கம்ப்யூட்டர் கையாளும். கொத்துக்கு 256 கூறு என்றால் போக வர ஏறத்தாழ 12 மில்லி வினாடி தாமதம். வாசிப்பவருக்கு அது வீணை 4 மீட்டர் தள்ளி இருப்பதுபோல, சமாளிக்கலாம். 1,024 என்று வைத்தால் 16 மீட்டர் தள்ளிப் போய்விடும். தாளம் நிற்குமா? சாஃப்ட்வேரில் 'பஃபர்' என்ற இடத்தில் இதைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் சங்கீதத்தில் பாடுகிறவரும் வாசிக்கிறவரும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டாமா? சினிமாப் பாட்டு அமைப்பவருக்கு இந்த வசதி தேவை. நமக்கு எப்போதாவதுதான்.

வலியசாலையில் என் அத்தை, எண்பது தாண்டியவர், நலங்குப் பாட்டும் ஊஞ்சல் பாட்டும் பாடுவார். அவற்றில் பல எந்தக் கேசட்டிலும் இல்லை. பேரன் லாப்டாப்பையும் ஸ்டாண்டையும் பரப்பினான். அத்தை தொண்டையைக் கனைத்துவிட்டு, "நாளைக்குப் பாடறேண்டா" என்று எழுந்துவிட்டார். மறுநாள் சிறு ரிக்கார்டரை வெற்றிலைப் பெட்டி அருகே வைத்தோம். பத்து நிமிஷத்தில் அதை மறந்து பதினோரு பாட்டு பாடினார். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

துலாவர்ஷ மாதங்களில் நம் ஊர் இடி மின்னல் தெரிந்ததுதானே. பிளக்கில் மாட்டிய கம்ப்யூட்டரும் இன்டர்ஃபேஸும் அப்போது ஆபத்தில் இருக்கும். பாட்டரி ரிக்கார்டருக்கு அந்தக் கவலை இல்லை. லாப்டாப்பில் 'ம்ம்' என்று தொடர்ந்து முனகல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால், அது 50 சைக்கிள் மின்சாரத்தின் வேலை.

எந்தக் கருவியானாலும் 'ஆட்டோ லெவல்' வேண்டாம். பாடகர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் அது ஒலியைத் தானே கூட்டும். தம்புராவும் மின்விசிறியும் பொங்கி எழும். கையால் வையுங்கள். உச்சஸ்தாயியில் முள் மைனஸ் 12 அளவில் நிற்கட்டும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், வியர்த்தால் பரவாயில்லை.

ஆகவே பதிவதற்கு ரிக்கார்டர், வெட்டித் திருத்தக் கம்ப்யூட்டர் என்பது என் கட்சி. திருத்துவதற்கு 2000 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி தாராளம். பழைய கேசட்டுகளை மாற்றவும் அதுவே போதும். மாற்றுமுன் டேப் ரிக்கார்டரின் ஹெட் அருகிலுள்ள சிறு திருகை, ஒலி மிகத் தெளிவாகும் வரை மெல்லத் திருப்புங்கள். மங்கலாகப் பதிந்த பிறகு எந்த சாஃப்ட்வேரும் அந்தத் தெளிவை மீட்காது. நம் ஈரக்காற்றில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

'வேவ்' முறையில் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. ஆகும். இடம் மிச்சம் என்று எம்.பி.3-யில் பதிய வேண்டாம். மூலம் முழுதாக இருக்கட்டும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வெளியூரிலுள்ள மகனிடமோ மகளிடமோ. கோப்பின் பெயரில் பாடியவர், பாட்டு, தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.