பெண் தேடும் மரம்

மாப்பிள்ளை தயார். நல்ல வாட்டசாட்டம், நோய் நொடி கிடையாது. ஆனால் 130 வருஷங்களாகத் தேடியும் பெண் கிடைக்கவில்லை! இப்படியும் ஒரு வீடு உண்டா என்று கேட்கிறீர்களா? வீட்டில் இல்லை, காட்டில் உண்டு.

1895-ம் வருஷம், தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்கள் வாழும் பகுதியிலுள்ள ங்கோயே காட்டில், ஜான் மெட்லி உட் என்ற தாவர சாஸ்திரி ஒரு மரத்தைக் கண்டார். பார்வைக்குப் பனை மாதிரி. ஒரே தூரில் நாலு தண்டுகள். பங்களாத் தோட்டங்களில் குட்டைப் பனைபோல் சைகஸ் வளர்ப்பார்களே, அதற்கு இது தாயாதி. பிற்பாடு உட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் உண்டென்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் குடும்பத்திலும் அப்படித்தான். உட் கண்டது ஆண் மரம்.

ஆண் மட்டும் இருந்தால் என்ன நஷ்டம்? அதற்குக் கொஞ்சம் பூர்வ கதை வேண்டும்.

ஆதியில் தரைக்கு வந்த தாவரங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆண் அணு நீரில் நீந்தித்தான் பெண் அணுவை அடைய முடியும். ஈரமில்லையேல் வம்சமில்லை. பெரணிச் செடிக்கு இன்றைக்கும் அதே விதிதான். சுமார் 36 கோடி வருஷங்களுக்கு முன் சில தாவரங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. ஆண் அணுவைத் தருவதை உறையிட்டுத் தூளாக்கிப் பறக்கவிட்டன, அதுதான் மகரந்தம். பெண் அணுவைத் தாய்ச் செடியிலேயே வைத்துப் போஷித்து, பிறக்கும் சிசுவுக்குக் கட்டுச்சோறும் போர்த்திக்கொள்ளத் தோலும் கொடுத்து அனுப்பின, அதுதான் விதை.

மாங்கொட்டை சதைக்குள் ஒளிந்திருக்கிறது. பைன், சைகஸ் இவைகளுக்கோ பூவுமில்லை, பழமுமில்லை. விதை மூடாமல் வெளியே உட்கார்ந்திருக்கும்.

பைன் மரத்துக்குக் காற்று தூது போகிறது. சைகஸ் குடும்பத்துக்குப் பெரும்பாலும் சிறு வண்டுகள். பெண் மரத்தின் சூலில் ஒரு சொட்டு நீர் துளிர்த்து, வந்த மகரந்தத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. சில மாதங்கள் கழித்து, மகரந்தத்திலிருந்து ஆண் அணு வெளிப்பட்டு நீந்துகிறது! பழைய வழக்கம் விடவில்லை, பாருங்கள். ஆனால் இப்போது குளத்தைத் தேடிப் போக வேண்டாம்; ஒரு துளிக் குளம் தாய் வயிற்றிலேயே இருக்கிறது. 1896-ல் ஜப்பானியர்களான ஹிரஸே கிங்கோ மரத்திலும், இகெனோ சைகஸிலும் இந்த நீச்சலைக் கண்டு சொன்னார்கள்.

இத்தனை ஏற்பாடும் நம் மாப்பிள்ளைக்கு வீண். மகரந்தம் கொட்டுகிறது, வாங்கிக்கொள்ளப் பெண் இல்லை.

அடியில் விடும் கன்றுகளைப் பிரித்துத் தோட்டங்களில் நட்டார்கள். லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்கு 1899-ல் போன கன்று, 2004-ல்தான் முதன்முதலாகக் கூம்பு விட்டது. காட்டில் எஞ்சிய கடைசித் தண்டையும் 1916-ல் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின் அங்கே இந்த மரத்தை யாரும் கண்டதில்லை. இன்று உலகில் இருப்பவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் நகல்கள், எல்லாம் ஆண்! வாழையடி வாழையாக வாழ்கிறது, வாஸ்தவம். ஆனால் ஒன்றைக் கொல்லும் நோய் வந்தால் மற்றவற்றையும் தப்பவிடாது. நெருங்கிய உறவினத்துப் பெண் மரத்தோடு சேர்த்துக் கன்றுகள் பெற்றிருக்கிறார்கள். என்றாலும் அவை கலப்பினம்தான்.

தேடல் ஓயவில்லை. இங்கிலாந்தின் சௌதாம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, டிரோன்களைக் காட்டின்மேல் பறக்கவிட்டு, எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரைக் கொண்டு சலித்தது. 2024-ல் விவரம் வெளியானபோது, பார்த்து முடித்தது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பாக்கிக் காட்டில் எங்கேனும் மணப்பெண் மறைந்திருக்கக்கூடாதா?

பூசணிக்காய் நறுக்கும்போது விதைகளை வழித்து எறிகிறோமே, அதில் ஒரே ஒரு விதையைப் போல ஒன்று கிடைத்தால் போதும். அந்த மரத்தின் வம்சம் விளங்கிவிடும்.